பழைய டகோமாவின் சேஸிக்குக் கறள் காப்பு: செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை

வேலைக்கு எடுத்தது 2009 டொயோட்டா டகோமா பிக்கப். ஒரு குளிர்காலத்தைக்கூட ஒன்ராறியோவுக்கு வெளியே கழிக்காத வண்டி. எஞ்சினும் கியர்பொக்ஸும் இன்னும் நெடுநாள் ஓடும். இந்த வண்டிகளைக் கொல்வது, முழு வண்டியையும் தாங்குகிற இரும்புச் சட்டமான சேஸிதான். 2005 முதல் 2010 வரையான டகோமாக்களின் சேஸிக் கறளுக்காக அமெரிக்காவில் டொயோட்டாமீது கூட்டு வழக்குப் போட்டு, 2016இல் அது சமரசத்தில் முடிந்தது. நிறையப் பேருக்குப் புதுச் சேஸியே கிடைத்தது. அந்தச் சலுகைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆகவே பழைய டகோமா பார்க்கப் போகிறவர்கள், கிலோமீட்டர் கேட்பதற்கு முன் சேஸி மாற்றிய பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த வண்டியில் மாற்றவில்லை.

எதை எதிர்த்து இவ்வளவு பாடு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீதியில் போடுகிற கல்லுப்பு ஏறக்குறைய மைனஸ் 9 பாகைக்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது. அதனால் கல்சியம் குளோரைட்டோ மக்னீசியம் குளோரைட்டோ கலந்த திரவமும் சேர்த்துத் தெளிக்கிறார்கள். இவை இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தாமே கரைந்துகொள்ளும் சரக்கு. வீதி காய்ந்து கிடக்கும். வண்டியின் அடிப்பக்கம் பிசுபிசுவென்று ஈரமாகவே இருக்கும். அதோடு கறள் என்பது வேதிவினை, சூடு ஏறினால் வேகமும் ஏறும். வெளியே மைனஸ் 15இல் உறைந்து நிற்கிற வண்டியைவிட, உப்புச் சேற்றோடு வந்து சூடான கராஜுக்குள் இரவு முழுக்க நிற்கிற வண்டிதான் சீக்கிரம் அரிக்கும். வண்டிமேல் உள்ள பாசத்தில் செய்கிற கெடுதல் இது.

செப்டம்பர், முதல் சனி: தட்டிப் பார்த்தல்

நான்கு சில்லையும் கழற்றி, மூன்று தொன் ஸ்டாண்ட் நான்கில் சேஸியை இருத்தியாயிற்று. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே தலை வைக்கக் கூடாது. ஸ்டாண்ட் வைக்கிற இடத்தையும் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். அழுகிய இடத்தில் வைத்தால் ஸ்டாண்ட் உள்ளே இறங்கும். பின்னாலுள்ள சரக்குப் பெட்டிக்கு அடியில் தொங்குகிற ஸ்பெயார் ரயரையும் இறக்கிவிடுங்கள். அது மறைக்கிற குறுக்குச் சட்டந்தான் பெரும்பாலும் முதலில் போகும்.

கருவி ஒரு சின்னச் சுத்தியல், ஒரு மொட்டை ஸ்க்ரூ டிரைவர். முன்னிருந்து பின்னுக்கு ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு 'ணங்' என்று சொல்லும், சுத்தியலும் துள்ளித் திரும்பும். கெட்டுப்போனது 'தொப்' என்று வாங்கிக்கொள்ளும். அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றித் திருகினால் இறங்குகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். இறங்கினால் அது எண்ணெய் பூசித் தீருகிற விஷயமில்லை. சேஸி ஒட்டுத் தெரிந்த வெல்டரிடம் போக வேண்டும், அல்லது வண்டியைக் கைவிட வேண்டும். ஓட்டைக்கு மேல் பைபர் கிளாஸ் ஒட்டிக் கறுப்பு மை பூசி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டியில் 'தொப்' சத்தம் வழவழப்பான, புத்தம் புதிய கறுப்பிலிருந்து வரும். பழைய வண்டியின் அடி புதிதாகப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

இந்த வண்டியில் பின் இலை ஸ்பிறிங்கின் முன்பக்கத் தாங்கிக்கு மேலே ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு தகடாக உரிந்தது. பார்க்கப் பயங்கரம். ஆனால் கறள், தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். விரல் தடிப்புக்குச் சிம்பு விழுந்தாலும் போன இரும்பு ஒரு மில்லிமீட்டர் அளவாக இருக்கலாம். ஊகிக்கத் தேவையில்லை, ஒலியலையால் இரும்பின் தடிப்பை அளக்கிற கையடக்க அல்ட்ராசோனிக் தடிப்புமானி இருக்கிறது. அந்த இடத்தைச் சுரண்டி, அதே சட்டத்தில் நல்ல இடத்தோடு ஒப்பிட்டதில் நல்ல இடம் 3.1 மி.மீ., கெட்ட இடம் 2.6. தேறும்.

அதே வாரம்: கழுவலும் காயவிடலும்

கழுவலை வீட்டு வாசலில் செய்யாமல் காசு போட்டுக் கழுவுகிற இடத்துக்குக் கொண்டுபோவது நல்லது. கிறீஸ் கரைந்த தண்ணீர் வீதி வடிகாலில் இறங்கினால் நேரே ஓடைக்குத்தான் போகும்.

வெளிப்புறம் கழுவுவது எல்லாருக்கும் தெரியும். கோட்டை விடுவது உள்ளே. டகோமாவின் சேஸி முன்பகுதியில் மூடிய பெட்டி, பின்பகுதியில் திறந்த 'ப' வடிவம். மூடிய பகுதிக்குள் கல்லும் மண்ணும் இலைச் சருகும் உப்போடு சேர்ந்து சாந்து போலக் கட்டிக் கிடக்கும். அடியிலுள்ள வடிதுளைகள் அடைபட்டிருந்தால் முழுச் சட்டமும் ஒரு தண்ணீர்த் தொட்டி. முதலில் வளைத்த கம்பியால் துளைகளைக் குத்தித் திறந்து, மேல் துளை வழியே ஒரு மெல்லிய குழாயை விட்டு, வடிகிற தண்ணீர் தெளியும்வரை ஓடவிட வேண்டும். இடப்பக்கச் சட்டத்திலிருந்து மட்டும் ஏறக்குறைய அரை வாளி சேறு வந்தது. தெளிவதற்கு இருபது நிமிடம் பிடித்தது.

பிறகு காய வேண்டும். வெளிப்புறம் ஒரு நாளில் காயும், மூடிய சட்டத்துக்குள் காயாது. மூன்று நாள், அதில் ஒரு நாள் காற்றாடியைச் சட்டத்தின் முனைக்கு நேரே வைத்து ஓடவிட்டது. இந்த வேலையைச் செப்டம்பரில் வைப்பதற்கே இதுதான் காரணம். நவம்பரில் தொடங்கினால் காயவும் காயாது, பூசுகிற சரக்கும் குளிரில் ஒழுங்காகப் பரவாது.

இரண்டாம் சனி: சுரண்டல்

சிம்பை எடுக்க, பல ஊசிகளால் தட்டி உதிர்க்கிற ஊசித் தட்டிக் கருவிதான் ராஜா. அது இல்லாவிட்டால் சுத்தியலும் உளியும். நாலரை அங்குலக் கிரைண்டரில் கம்பிக் கிண்ணம் போட்டு நேரே இறங்குவது வழக்கமான தவறு. கம்பி கறளை எடுப்பதை விட்டுவிட்டு மினுக்கிவிடும். கரும்பழுப்பாகப் பளபளவென்று இருப்பதைப் பார்த்து இரும்பு என்று நம்பிவிடுவோம். பூச்சு அதன்மேல் நின்று அடுத்த வருடமே தோலோடு உரியும். ஆகவே முதலில் தட்டி உதிர்த்து, பிறகுதான் கம்பி. கிண்ணத்திலிருந்து தெறிக்கிற கம்பிகள் ஊசி போலப் பாயும். கண்ணாடி மட்டும் போதாது, முகமூடிப் பலகையும் வேண்டும்.

இரண்டு இடங்களில் கிரைண்டர் கூடாது. பெற்றோல் தாங்கியின் பக்கம் பொறி பறக்கக் கூடாது, அங்கே கைச்சுரண்டிதான். மற்றது சட்டத்தின் ஓரமாக ஓடுகிற பிறேக் குழாய்கள். அவற்றின் கிளிப்புக்கு அடியில் கறள் கூடுகட்டியிருக்கும். அதைத் துப்புரவாக்கப் போய், கறள்தான் குழாயை அடைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது என்பதைப் பிறேக் ஒயில் சொட்டும்போது அறிவதுண்டு. குழி விழுந்த குழாய் என்றால் செப்பு-நிக்கல் குழாயாக மாற்றிவிடுவது நல்லது. கையால் வளையும், கறள் பிடிக்காது. இங்கே பின் அச்சுக்குப் போகிற ஒரு துண்டு மாற்ற வேண்டியதாயிற்று.

சுரண்டிய இடங்களில் தனிக் அமிலமுள்ள கறள் மாற்றி இரண்டு பூச்சு. மொத்தம் அரை லீற்றரும் முடியவில்லை. பூசிய கொஞ்ச நேரத்தில் செம்பழுப்பு நீலக்கறுப்பாக மாறும். மாறாத இடம் என்றால் அது வெறும் இரும்பு, இல்லாவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. நாகம் (துத்தநாகம்) செறிந்த ப்ரைமரை இதற்குப் பதிலாகக் கறள்மேல் அடிப்பதில் பயனில்லை. நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்க வேண்டுமானால் இரண்டும் நேரே தொட வேண்டும். இடையில் கறள் இருந்தால் அது வெறும் சாம்பல் நிற மை.

மூன்றாம் சனி: எண்ணெய்

இங்கேதான் முடிவெடுக்க வேண்டும். ரப்பர் கலந்த கறுப்புப் பூச்சா, எண்ணெயா? கறள் தொடங்கிவிட்ட சேஸிக்கு ரப்பர் பூச்சு வேண்டவே வேண்டாம். ஒரு கல் அடித்து மயிரிழை வெடிப்பு விழுந்தால் போதும், உப்புத்தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் தோலுக்குக் கீழே தின்னும். ஐந்து வருடம் அழகாக இருக்கும், பிறகு பாளமாகக் கழன்று விழும், இரும்பையும் சேர்த்துக்கொண்டு. எண்ணெய் அசிங்கம், கையில் ஒட்டும், வருடா வருடம் அடிக்க வேண்டும். ஆனால் அது தானாக ஊர்ந்து வெடிப்புக்குள் போகும், கீறினால் தானே மூடிக்கொள்ளும். ஒன்று நினைவிருக்கட்டும்: எண்ணெய் அடித்த பிறகு அந்த இடத்தில் எந்த மையும் ஒட்டாது. மை அடிப்பதென்றால் அதற்கு முன்பே.

எடுத்தது ஃப்ளூயிட் ஃபிலிம், ஆட்டு மயிரிலிருந்து எடுக்கிற லனோலின் எண்ணெய். ஒரு கலன் வாளி, அதாவது 3.78 லீற்றர். இந்த அளவு பிக்கப்புக்கு அதுவே தாராளம். கொம்பிறஸர் 80 முதல் 90 பி.எஸ்.ஐ., அடிப்பூச்சுத் துப்பாக்கி, அதோடு சுற்றிவரப் பீச்சுகிற முனையுள்ள மூன்றடிக் குழாய். வாளியைச் சுடுதண்ணீரில் அரை மணி நேரம் இருத்தினால் சரக்கு இளகி நுண்ணிய தூறலாக வரும். குளிராக அடித்தால் கட்டி கட்டியாகத் துப்பும்.

உள்ளே முதலில், வெளியே பிறகு. குழாயைத் துளைக்குள் முழு நீளத்துக்கும் விட்டு, விசையை அழுத்தி, வினாடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் வெளியே இழுக்க வேண்டும். உள்ளே தள்ளும்போது அடிக்கக் கூடாது. அடுத்த துளையிலிருந்து புகை போல எண்ணெய்த் தூறல் வந்தால் அந்தப் பகுதி நிறைந்தது. இரு சட்டங்களுக்கும் குறுக்குச் சட்டங்களுக்குமாக ஒன்றரை லீற்றர் போயிற்று. மிச்சம் வெளிப்புறம், இலை ஸ்பிறிங் தாங்கிகள், சரக்குப் பெட்டியைப் பிடிக்கிற போல்ட் தலைகள், இரட்டைத் தகடு சேருகிற விளிம்புகள். சட்டத்தின் மேல்முகத்தை மறந்துவிடாதீர்கள். கீழே படுத்துப் பார்த்தால் அது தெரியாது. சேறு உட்காருவது அங்கேதான்.

பிறேக் தட்டுக்கும் கலிப்பருக்கும் பிளாஸ்டிக் பை கட்டியது. புகைக்குழாய்க்குப் பழந்துணி. இயற்கை ரப்பரை இந்த எண்ணெய் ஊதவைக்கும் என்பதால் ரப்பர் புஷ்களில் பட்டதைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தது.

பிழையாய்ப் போனவை

வலப்பக்கச் சட்டத்தில் பூட்டு நட்டு ஒன்றில் குழாய் முனை சிக்கியது. இழுத்தால் முனை கழன்று உள்ளேயே தங்கிவிடும். திருகித் திருகி எடுக்க நேர்ந்தது. ஆகவே விடும்போதே குழாயில் ஆழத்தை நாடாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

அடித்த மறுநாள் இரண்டு வடிதுளைகளில் பால் போல வெண்மையாகக் கசிந்தது. உள்ளே ஈரம் மிச்சமிருந்து எண்ணெயோடு கலந்திருக்கிறது. காற்றாடியை இன்னும் ஒரு நாள் ஓடவிட்டு அந்தப் பகுதிக்கு மட்டும் திரும்ப அடித்தாயிற்று. வேறு மூன்று துளைகளை எண்ணெயே அடைத்திருந்தது. அடித்து முடித்து ஒரு வாரத்தில் எல்லாத் துளையையும் மறுபடி கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பட்ட பாடெல்லாம் ஒரு தொட்டியைக் கட்டுவதற்காக என்றாகிவிடும்.

இரண்டு வாரம் சொட்டும். வாசலில் இன்ரர்லொக் கல் பதித்திருந்தால் கறை போகாது. அகலமான காட்போட் மட்டை விரியுங்கள். முதல் ஓட்டத்தில் புகைக்குழாய் புகையும், ஈர ஆட்டு நாற்றம் அடிக்கும். இரண்டும் அடங்கிவிடும்.

ஜனவரி

முன் சில்லுகளுக்குப் பின்னால் உள்ள சட்டமுகம் சேறடித்தே கழுவப்பட்டு வெளிறியிருந்தது. மற்ற இடங்களில் விரல் வைத்தால் இன்னும் ஒட்டியது. வெப்பநிலை பூச்சியத்துக்கு மேல் ஏறிய ஒரு நாளில் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் மட்டும் அலசி, காயவிட்டு, அந்த இரண்டு இடங்களுக்கும் ஒரு ஸ்பிறே ரின். உயர் அழுத்த சுடுதண்ணீரும் கிறீஸ் கரைப்பானும் குளிர்காலத்தில் வேண்டாம். உப்போடு எண்ணெயும் போய்விடும்.

ஏப்ரல்

உப்பு நின்றதும் இன்னொரு முறை சட்டத்துக்குள் குழாய் விட்டு அலசியது. பனி முடிந்தால் வேலை முடிந்தது என்று விடுவது வழக்கம், ஆனால் உள்ளே தங்கிய உப்பு இளவேனில் மழையிலும் சூட்டிலுந்தான் உக்கிரமாக வேலை செய்யும். இந்த முறை வந்த சேறு ஒரு பேணி அளவுதான். ஸ்பிறிங் தாங்கிக்கு மேலே அதே இடத்தைத் துடைத்துத் தடிப்புமானியை வைத்ததில் 2.6 மி.மீ. சுத்தியல் அங்கே இன்னும் கொஞ்சம் மந்தமாகத்தான் ஒலிக்கிறது. வரும் செப்டம்பரில் இரட்டைத் தகடு சேருகிற இடங்களுக்குக் கூடுதலாக அரை லீற்றர் ஒதுக்க வேண்டும். அங்கிருந்துதான் விளிம்பில் ஒரு மெல்லிய செங்கோடு கசிந்திருக்கிறது.