வாளையாரைத் தாண்டினால் ஆடிப்பட்டம் செல்லாது

ஆடியும் கர்க்கிடகமும் ஒரே மாதம்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்கள். வாளையார் எல்லைச் சாவடியைத் தாண்டிய பாலக்காட்டில் அதே மாதத்துக்குப் பஞ்சத்து மாதம் என்று பெயர். மழை விடாமல் கொட்டும், வயல் வேலை நிற்கும், வீட்டில் மருந்துக்கஞ்சி கொதிக்கும். வேலைக்காகக் கஞ்சிக்கோடு, பாலக்காட்டை ஒட்டிய புதுச்சேரி (பாண்டிச்சேரி அல்ல), பாலக்காடு டவுன் என்று குடிவருகிறவர்கள் முதல் வருஷம் தவறாமல் செய்யும் தப்பு இங்கேதான். ஊரிலிருந்து கொண்டுவந்த கத்தரி, தக்காளி விதையை ஆடிப்பெருக்கன்று போடுவார்கள். நாற்று நாலு இலை விடுவதற்குள் தண்டு தரையோடு அழுகிச் சாய்ந்துவிடும். விதை சொத்தை என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

பாலக்காடு முழுக்க இப்படி என்றும் சொல்ல முடியாது. சித்தூர் தாலுக்காவின் கிழக்குக் கோடி, அதாவது கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் மழை குறைவு. கேரளத்தில் கரிசல் மண் கிடைப்பதே இந்தத் தாலுக்காவில்தான். தெருவில் தமிழ், கடையில் தமிழ், மண்ணும் ஏறக்குறையப் பொள்ளாச்சி மண். அங்கே தண்ணீர் இருந்தால் ஆடிப்பட்டம் ஓடும். மேற்கே போகப் போக மழை கூடும், வெட்டுக்கல் கலந்த செம்மண் வரும், புளிப்பு ஏறும். ஆகவே குடிவந்ததும் பார்க்க வேண்டியது நாம் எந்த மண்ணில் நிற்கிறோம் என்பதை.

எளிய வழி ஒன்று உண்டு. காய்ந்த மண் ஒரு பிடி எடுத்து அதில் கொஞ்சம் வினிகரை ஊற்றுங்கள். சுரசுரவென நுரைத்தால் அதில் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது. மேலும் போடக் கூடாது. நுரைக்காத செம்மண் என்றால் பெரும்பாலும் சுண்ணாம்பு தேவைப்படும், சென்டுக்கு 2 கிலோ. எவ்வளவு என்று சரியாகத் தெரிய மண் பரிசோதனைதான் வழி. தோட்டத்தில் பத்து இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து ஒரு சீவல் மண் எடுத்து, எல்லாவற்றையும் கலந்து நிழலில் காயவைத்து அரைக் கிலோவை கிருஷி பவனில், அதாவது உள்ளூர் வேளாண் அலுவலகத்தில் கொடுங்கள். எருக்குழி ஓரத்திலும் மரத்தடியிலும் எடுத்த மண் பொய் சொல்லும்.

சுண்ணாம்பு போட்ட அன்றே உரம் போடுவதுதான் அடுத்த தப்பு. இரண்டு வாரம் விட்டு, சென்டுக்கு 100 கிலோ மக்கிய சாணம் என்ற கணக்கில் கலக்க வேண்டும். கடையில் கேட்கும்போது சொல் இடறும். மலையாளத்தில் வளம் என்றால் உரம், சாரம் என்றால் சாம்பல், கும்மாயம் என்றால் சுண்ணாம்பு. 'எல்லுப்பொடி' என்று பொட்டலத்தைக் கொடுத்தால் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள எடுத்து வைத்துவிடாதீர்கள், அது எலும்புத்தூள்.

மேற்குப் பக்கத்துச் செம்மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாயைக் கொல்வது வாடல் நோய். பச்சைப் பசேலென்று நின்ற செடி மத்தியானம் துவளும், சாயங்காலம் நிமிரும், மூன்றாம் நாள் நிமிராது. இலை மஞ்சளாகவே ஆகாது. தண்ணீர்க் குறை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். நோய் பக்கத்துச் செடிக்கும் நடந்து போகும். சந்தேகம் வந்தால் அடித்தண்டைக் கொடுவாளால் சீவி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டுவாய் மட்டும் முங்கும்படி தொங்கவிட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக இழை இறங்கினால் பாக்டீரியா வாடல்தான். அதற்கு மருந்தடித்துக் காப்பாற்ற முடியாது. வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, அந்தப் பாத்தியில் பயறு, மக்காச்சோளம், கீரை என்று மாற்றுங்கள்.

இதை முன்னதாகத் தடுக்க ரகத் தேர்வு ஒன்றுதான் உருப்படியான வழி. கேரள வேளாண் பல்கலைக்கழகம் இந்த மண்ணுக்கென்றே தாங்கும் ரகங்களை வெளியிட்டிருக்கிறது: தக்காளியில் சக்தி, முக்தி, அனகா, கத்தரியில் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா, மிளகாயில் உஜ்வலா, அனுக்ரஹா. ஊர்க் கத்தரியின் ருசி இவற்றில் இல்லை என்பார்கள், உண்மைதான். ஊர்க் கத்தரி வேண்டும் என்றால் அதைத் தரையில் வைக்காமல் பையில் வையுங்கள்: மண், சாணம், தென்னைநார்க் கழிவு மூன்றும் சம அளவு. அல்லது சுண்டைச் செடியின் வேரில் ஒட்டுக்கட்டிய நாற்று வாங்குங்கள்.

பட்டத்தை இப்படி மாற்றிக்கொள்ளலாம். மிளகாய், கத்தரி நாற்றை வைகாசியிலேயே தயார் செய்து, பெருமழைக்கு முன் வேர் பிடிக்கும்படி நட்டுவிட வேண்டும். பாத்தி 30 செ.மீ. உயரம், ஒரு மீட்டர் அகலம். இடையில் தண்ணீர் வடிய வாய்க்கால். ஓணத்துக்கு என்று வேளாண் துறை தரும் விதைப் பொட்டலத்தின் கணக்கும் இந்த மழைக்கால நடவுதான். தக்காளி, புடலை, பாகலுக்குப் புரட்டாசி நல்லது. கேரளத்தில் கீரை என்றாலே சிவப்புத் தண்டுக்கீரை. மழையில் இலைப்புள்ளி வந்து வெள்ளை வெள்ளையாக ஓட்டை விழும். சிவப்பையும் பச்சையையும் கலந்து விதைத்தால் நோய் குறையும். தலைக்கு மேல் தண்ணீர் தெளிக்காமல் அடியில் ஊற்றுங்கள். மிஞ்சி வந்தால் 10 லிட்டர் தண்ணீரில் 40 கிராம் பால்காயம் (பால் பெருங்காயம்), 8 கிராம் சோடா உப்பு, 32 கிராம் மஞ்சள்தூள் கரைத்து வடிகட்டித் தெளிப்பது இங்குள்ள வழக்கம்.

பந்தல் போடும்போது காற்றை நினைக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க்குள் கார்த்திகை முதல் தை வரை கிழக்கிலிருந்து வறட்டுக் காற்று அடிக்கும். காலையில் நனைத்த பாத்தி மத்தியானம் வெடித்து நிற்கும். பந்தல் 2 மீட்டர் உயரம் போதும். தூணுக்கு தூண் 3 மீட்டர். கிழக்கு ஓரத்தில் இரண்டு வரிசை மக்காச்சோளமோ அகத்தியோ வைத்தால் காற்றின் வேகம் உடையும். வேலிக்குத் தவசிக்கீரைக் குச்சியை நெருக்கமாக நடலாம். அதைப் பச்சையாக நிறையத் தின்னாமல் வேகவைத்துச் சாப்பிடுவது நல்லது. மயிலுக்கு மட்டும் வேலி போதாது. முளைவிட்ட பயறை விடிகாலையில் ஒரு வரிசையே கொத்திவிட்டுப் போகும். அடித்து விரட்டச் சட்டம் இடம் தராது. முதல் இருபது நாள் பழைய மீன்வலை மேலே கிடக்கட்டும்.

இந்தக் காற்றுக்காலத்தில்தான் பொதுத்தோட்டங்கள் சாகின்றன. காரணம் காற்று மட்டுமில்லை. பத்துத் தமிழ்க் குடும்பம் சேர்ந்து போட்ட தோட்டம் என்றால் பொங்கலுக்குப் பத்துக் குடும்பமும் ஊருக்குப் போய்விடும். நாலு நாள், சிலருக்கு ஒரு வாரம். காற்று உச்சத்தில் இருக்கும் அதே வாரம். திரும்பி வந்து பார்த்தால் பை எல்லாம் சருகு. இதற்குச் சொட்டுநீர் டைமரைவிட நல்ல ஏற்பாடு அடுத்த வீட்டுக்காரர்தான். குழுவில் பாதிப் பேர் மலையாளக் குடும்பமாக இருந்தால் பொங்கலுக்கு அவர்கள் தண்ணீர் விடுவார்கள், ஓணத்துக்கு நாம் விடலாம். முறைப் பட்டியலைத் தீபாவளிக்கு முன்பே எழுதித் தொங்கவிடுங்கள், விசேஷ நாளுக்கு இரண்டிரண்டு பெயராக.

இடம் எங்கே என்ற கேள்விக்கும் அந்த மலையாளக் குடும்பங்கள்தான் பதில். வாடகை வீட்டில் இருக்கிறவருக்குத் தரிசு நிலம் எளிதில் கிடைக்காது. 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகை முறையே சட்டப்படி ஒழிந்து, உழுதவருக்கு உரிமை போனது. அதனால் நில உரிமையாளர்கள் இன்றும் எழுத்தில் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) கொடுக்கத் தயங்குவார்கள். கேரள அரசின் பெண்கள் திட்டமான குடும்பஸ்ரீயின் குழு என்றால் நம்பிக்கை கொஞ்சம் கூடும். வார்டில் உள்ள அயல்கூட்டத்தில் (அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு) வீட்டுக்கு ஒரு பெண் சேரலாம். அதிலிருந்து 4 முதல் 10 பேர் கூட்டுப்பொறுப்புக் குழு, அதாவது ஜே.எல்.ஜி. அமைத்துப் பாட்டநிலத்தில் பயிர் செய்யலாம், வங்கிக் கடனும் கேட்கலாம். மலையாளம் வராது என்று ஒதுங்க வேண்டாம். கூட்டத்தில் சேச்சி என்று கூப்பிட்டு உட்கார்ந்தால் பாலக்காட்டில் பாதிப் பேர் தமிழில் பதில் சொல்வார்கள். கிருஷி பவனுக்குப் போகும்போது ஆதார், வங்கிப் புத்தகம், நில உரிமையாளரின் கரம் (நிலவரி) கட்டிய ரசீது நகல் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். மூன்றாவது இல்லாமல் பல மானியங்கள் நகராது.

குப்பை விஷயத்திலும் ஊர்ப் பழக்கம் உதவாது. காலையில் வண்டி வந்து எல்லாவற்றையும் அள்ளிப் போகும் என்று காத்திருக்காதீர்கள். வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரிதகர்ம சேனைக்காரர்கள் கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கைத்தான் எடுப்பார்கள். சமையலறைக் கழிவு நம் பாடு. 8 அங்குல விட்டம், 1.3 மீட்டர் நீளமுள்ள பி.வி.சி. குழாய் இரண்டை மண்ணில் ஒரு அடி ஆழம் ஊன்றி, அடியில் சரளை போட்டு, ஒன்றை ஒரு மாதம் நிரப்பி மூடிவிட்டு அடுத்ததுக்குப் போவது வழக்கம். வாரம் ஒருமுறை சாணக் கரைசல் ஒரு குவளை. குழம்பு, ரசம் வடிகட்டாமல் கொட்டினால் நாறும், புழு வரும். மழைக்காலத்தில் குழாயின் அடி நீரில் நின்றாலும் அதே கதிதான், ஆகவே மேட்டில் ஊன்றுங்கள். பையின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருநாள் கவிழ்க்காவிட்டால் டெங்கு கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியதாகும்.

5 சென்ட் தோட்டம் பத்து வீட்டைக் காப்பாற்றுமா என்றால் காப்பாற்றாது. வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு 300 கிராம் என்று வைத்தாலே நாளுக்கு 12 கிலோ காய் வேண்டும். ஒட்டன்சத்திரத்து லாரி வரத்தான் வேண்டும். ஆனால் 2018 ஆகஸ்ட் மழையில் நெல்லியாம்பதி மலைப்பாதை அறுந்து மேலே இருந்தவர்கள் துண்டிக்கப்பட்டார்கள். 2020 ஊரடங்கில் வாளையாரைத் தாண்டவே பாஸ் வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பத்து நாளைக்குக் கீரை, கோவைக்காய், முருங்கையோடு கிழங்கு இருந்தால் சமாளிக்கலாம்.

சேனைக்கிழங்குக்குக் 'கும்பத்தில் நட்டால் குடத்தளவு, மீனத்தில் நட்டால் மீன்கண்ணளவு' என்று மலையாளத்தில் ஒரு சொலவடை. கும்பம் நம் மாசி. 60 செ.மீ. நீள அகலம், 45 செ.மீ. ஆழத்தில் குழி, குழிக்குக் குழி 90 செ.மீ. மேல்மண்ணோடு இரண்டு கிலோ சாணம் கலந்து நிரப்பி, ஒரு கிலோ எடையுள்ள சேனைத் துண்டை, நடுமொட்டில் ஒரு பங்கு அதில் இருக்கும்படி வெட்டி, சாணிப்பாலில் முக்கி நிழலில் காயவைத்து நட வேண்டும். மேலே சருகு மூடாக்கு. கோடை மழைக்கு முளைக்கும். கார்த்திகை வாக்கில் தண்டு மஞ்சளாகிச் சாயும். காட்டுப்பன்றி வரும் ஊர் என்றால் சாய்ந்த வாரமே தோண்டிவிடுங்கள். வராத ஊர் என்றால் தேவைப்படும் வரை மண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும்.