பத்து விரல்

நியூயார்க் மாநிலத்தின் ஒரு சிற்றூரில், கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்த புதிது. கருத்தடைக்குப் பூனைக்குட்டியைக் கொண்டுவருபவர்களிடம் படிவத்தை நீட்டுவது என் வேலை. தடுப்பூசி, மைக்ரோசிப் எல்லாவற்றுக்கும் கீழே ‘டீகிளா - முன்னங்கால்’, அதாவது நகம் நீக்குதல் என்று ஒரு கட்டம் இருக்கும். “இதையும் சேர்த்துச் செய்துவிடலாமா? ஒரே மயக்கத்தில் முடிந்துவிடும்” என்று கேட்கச் சொல்லியிருந்தார்கள். கேட்டேன். புது சோபா வாங்கியவர்கள் யோசிக்காமல் டிக் போட்டார்கள்.

நகத்தை மட்டும் எடுப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அறுவை மேசை பக்கத்தில் நின்ற அன்றுதான் விஷயம் புரிந்தது. நாம் நகமும் சதையும் என்கிறோம். பூனைக்கு அது நகமும் எலும்பும். விரலின் கடைசி எலும்பிலிருந்து நகம் முளைக்கிறது. மறுபடி வளராமலிருக்க அந்த எலும்பையே மூட்டோடு துண்டிக்க வேண்டும். நம் கையென்றால் விரல்நுனி மூட்டு வரை போய்விடும். ஒரு காலுக்கு ஐந்து. டாக்டர் துணியில் வைக்க வைக்க, பத்து வரை எண்ணினேன்.

மறுநாள் கட்டுப் பிரிப்பதும் நான்தான். குட்டி காலைத் தரையில் வைக்கும், ஈரத்தில் மிதித்ததுபோல் உதறும். திரும்ப வைக்கும், திரும்ப உதறும். “அது மலஜலம் கழிக்கும் தட்டில் கொஞ்ச நாளைக்கு மணல் வேண்டாம், செய்தித்தாளைக் கிழித்துப் போடுங்கள்” என்று சொல்லி அனுப்புவோம்.

அப்படி அனுப்பிய ஓர் ஆரஞ்சு நிறக் கடுவன், எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. மணல் தட்டுப் பக்கமே போவதில்லை, குளியலறை மிதியடியில் சிறுநீர். போதாததற்குக் கடி வேறு. “கீறக் கூடாது என்றுதானே செய்தோம்?” என்றார் அந்த அம்மாள். எக்ஸ்ரேயில் இரண்டு விரல்களில் எலும்புத் துணுக்குகள் தங்கியிருந்தன. இது அபூர்வமும் இல்லை: 2017இல் வெளியான ஓர் ஆய்வில், நகம் எடுக்கப்பட்ட 137 பூனைகளில் 63 சதவீதத்துக்கு இப்படி மிச்சம் இருந்தது. பழைய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். டிக் அவருடையது, ஓரத்தில் இருந்த இனிஷியல் என்னுடையது.

டாக்டர் கொடுமைக்காரர் இல்லை. “நாம் செய்யாவிட்டால் பூனையைக் காப்பகத்தில் தள்ளிவிடுவார்கள்” என்பார். அதை நானும் நம்பினேன். கடைசியில் அந்த ஆரஞ்சுப் பூனை போய்ச் சேர்ந்ததும் காப்பகத்துக்குத்தான்.

2019 ஜூலையில் நியூயார்க் பூனைக்கு நகம் எடுப்பதைத் தடை செய்தது. அமெரிக்க மாநிலங்களில் அதுதான் முதல். மருத்துவக் காரணம் இல்லாமல் செய்தால் 1000 டாலர் வரை அபராதம். எங்களிடம் பெரிய ஆரவாரம் எதுவும் இல்லை. புதுப் படிவம் அச்சாகி வரும்வரை அந்தக் கட்டத்தை மார்க்கரால் அடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு பாட்டி வந்தார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர். சின்னக் கீறல்கூட அவருக்கு ஆபத்து. இவரை என்ன செய்வது என்று முன்பெல்லாம் யோசித்திருக்க மாட்டேன், கட்டத்தைக் காட்டியிருப்பேன். இப்போது பூனையை மடியில் வைத்து, விரல் மெத்தையை அழுத்தினால் நகம் வெளியே வருவதைக் காட்டினேன். இளஞ்சிவப்பாகத் தெரிவது உயிர்ச்சதை, அதைத் தொடாமல் நுனியை மட்டும் வெட்ட வேண்டும். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு நகம் வெட்டினார். மூன்றாவதுக்குள் பூனை காலை இழுத்துக்கொண்டது.

“சரி, மிச்சம் நாளைக்கு” என்றார், அதனிடம்.