மூடிய அறையிலிருந்து ஒரு குரல்: பீட்டர் ஹாமிலை மீண்டும் கேட்டல்

பிரிட்டிஷ் ராக் பாடகர் பீட்டர் ஹாமிலின் குரலை முதன்முதலில் கேட்டபோது எனக்கு அது பிடிக்கவில்லை. நண்பர் ஒருவர் பிரதியெடுத்துக் கொடுத்த, அளவு சுருக்கப்பட்ட ஒலிக்கோப்புகளாகத்தான் அவருடைய பாடல்கள் என்னிடம் வந்து சேர்ந்தன. ஒரு வரியைக் காதோடு பேசுவதுபோல் முணுமுணுத்துவிட்டு, அடுத்த வரியை அடித்தொண்டையிலிருந்து கத்தி, அதற்கடுத்த வரியில் தேவாலயச் சிறுவனைப்போல் உச்சஸ்தாயிக்குத் தாவும் அந்தக் குரலில், பாட்டைவிட நடிப்பே மிகுதி என்று தீர்மானித்து ஒதுக்கி வைத்துவிட்டேன். பல ஆண்டுகள் கழித்து, மறுவெளியீடு கண்ட அவருடைய எழுபதுகளின் ஆல்பங்களை ஒவ்வொன்றாக, வெளிவந்த வரிசையிலேயே, இரவுகளில் கேட்டு முடித்த பிறகுதான் அன்று என் காதுக்கு வந்தது பாதிக் குரல் மட்டுமே என்பது புரிந்தது. மற்றொரு பாதி, அந்தக் குரல் ஒலித்த அறையில் இருந்தது.

ஹாமில் 1948 நவம்பர் 5 அன்று லண்டனின் ஈலிங் பகுதியில் பிறந்தவர். இயேசு சபையார் நடத்திய பள்ளியில் படித்தவர். 1967இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், கிறிஸ் ஜட்ஜ் ஸ்மித்துடன் சேர்ந்து அவர் தொடங்கிய ராக் இசைக்குழுதான் வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர். நிலைமின்சாரக் கருவி ஒன்றின் பெயரை எழுத்துப்பிழையோடு சூட்டிக்கொண்ட அந்தக் குழு, டோனி ஸ்ட்ராட்டன் ஸ்மித் நடத்திய கரிஸ்மா என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடியது. 1971இன் தொடக்கத்தில், அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஜெனிசிஸ், லிண்டிஸ்ஃபார்ன் ஆகிய குழுக்களோடு பிரிட்டனெங்கும் ஒரு கூட்டுப் பயணம் நடந்தது. நுழைவுச்சீட்டு ஆறு ஷில்லிங், பேச்சுவழக்கில் ஆறு ‘பாப்’, என்பதால் அந்தப் பயணத்துக்கே ‘சிக்ஸ் பாப் டூர்’ என்று பெயர். பிரிட்டன் பழைய ஷில்லிங் கணக்கைக் கைவிட்டுத் தசம நாணயத்துக்கு மாறிய அதே பருவம் அது. ஒரே சீட்டில் கேட்கக் கிடைத்த அந்த மூவரில் ஜெனிசிஸ் பின்னாளில் விளையாட்டு அரங்குகளை நிரப்பியது. ஹாமிலின் குழுவோ ‘பான் ஹார்ட்ஸ்’ ஆல்பத்தின் மூலம் இத்தாலியில் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போய்விட்டு, சொந்த நாட்டில் கவனிப்பாரற்று, ஓயாத பயணங்களின் களைப்பாலும் பணமுடையாலும் 1972இல் கலைந்தது.

எனக்கு முக்கியமாகப் படும் கதை அந்தக் கலைவுக்குப் பிறகே தொடங்குகிறது. கரிஸ்மாவின் இசைச் சொத்துகள் பின்னர் வர்ஜின் நிறுவனத்தின் கைக்கு வந்தன. அந்நிறுவனம் 2005 தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் ஹாமிலின் பழைய ஆல்பங்களை ஒலி சீரமைத்து, அக்கால வானொலிப் பதிவுகளையும் மேடைப் பதிவுகளையும் பின்னிணைப்பாகச் சேர்த்து மறுவெளியீடு செய்தது. பழைய இசையை மறுவெளியீடு செய்யும்போது எல்லாவற்றையும் உரக்க ஒலிக்கச் செய்து, மெல்லிய பகுதிக்கும் ஓங்கிய பகுதிக்கும் உள்ள இடைவெளியை அழித்துவிடும் கேடு பல நல்ல இசைத்தட்டுகளுக்கு நேர்ந்திருக்கிறது. முணுமுணுப்புக்கும் கூச்சலுக்கும் இடைப்பட்ட தூரத்திலேயே உயிர் வைத்திருக்கும் ஹாமிலின் பாடல்களுக்கு அது நேர்ந்திருந்தால் அவை செத்திருக்கும். நல்லவேளையாக அந்தத் தூரம் இந்தப் பதிப்புகளில் அப்படியே இருக்கிறது. நாடாவின் இரைச்சலும், பியானோ மிதிகட்டை எழுந்து அமரும் ஓசையும், வரிக்கு முன் அவர் மூச்சை இழுப்பதும் கேட்கின்றன. முன்பு ஒரே கூச்சலாகக் காதில் விழுந்த இடத்தில், இப்போது வெவ்வேறு தூரங்களில் நின்று ஒன்றையொன்று மறுத்துப் பேசும் நான்கைந்து ஹாமில்களைத் தனித்தனியே பிரித்தறிய முடிகிறது.

தனிப்பாடகராக அவருடைய முதல் ஆல்பம், குழு இயங்கிக்கொண்டிருந்தபோதே 1971இல் வந்த ‘ஃபூல்ஸ் மேட்’. சதுரங்கத்தில் இரண்டே நகர்வில் முடிந்துவிடும் ஆட்டத்துக்கு அந்தப் பெயர் வழங்குகிறது. இளமையில் எழுதிவைத்த சிறு பாடல்களை, கிங் கிரிம்சன் குழுவின் கிதார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் உள்ளிட்ட நண்பர்களோடு சேர்ந்து பாடியிருக்கிறார். இனிமையான தொகுப்புதான், ஆனால் வேறு யாராவதும் இதைப் பாடியிருக்கக்கூடும் என்று தோன்றுவதால் இதில் நான் அதிகம் தங்குவதில்லை.

வேறு யாராலும் பாடியிருக்க முடியாத பாடல்கள் 1973இல் வந்த ‘கமீலியன் இன் தி ஷாடோ ஆஃப் தி நைட்’ ஆல்பத்தில் தொடங்குகின்றன. குழு கலைந்துவிட்டது, கையில் பணமில்லை, பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில் வாரக்கணக்கில் உட்கார வழியில்லை. ஹாமில் தம் வீட்டிலேயே நான்கு தடப் பதிவுக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிவு செய்தார். அந்த வீட்டுக் கூடத்துக்கு ‘சோஃபா சவுண்ட்’ என்று பெயரும் வைத்தார். படுக்கையறையிலேயே ஆல்பம் செய்துவிடும் இன்றைய தலைமுறைக்கு இதில் வியக்க ஒன்றுமில்லாமல் இருக்கலாம். ஆனால் ராக் இசை நாளுக்கு நாள் பிரம்மாண்டமாகிக்கொண்டிருந்த 1973இல், இயலாமையின் பேரில் தொடங்கிய அந்த ஏற்பாட்டையே தம் அழகியலாக மாற்றிக்கொண்டது பெரிய காரியம். ‘இன் தி எண்ட்’ என்ற பாடலில் பியானோவும் குரலும் தவிர வேறெதுவும் இல்லை. ஏழு நிமிடங்களுக்கு ஒரு மனிதன் தன் ஓட்டங்களையெல்லாம் கணக்குப் பார்க்கிறான். கேட்பவன் அதே அறையின் மூலையில் உட்கார்ந்திருக்கிறான். முன்பு நான் நடிப்பு என்று நினைத்தது, யாரும் பார்க்காத இடத்தில் ஒருவர் தம்மோடு தாமே வாதாடும் குரல். மேடைக்காகப் பாடுபவர் தம் குரலை ஒருநாளும் இப்படி உடைய விடமாட்டார்.

1974இல் அவர் இரண்டு ஆல்பங்களை வெளியிட்டார். என் கணக்கில் அவை இரண்டுமே சிகரங்கள். முதலில் வந்த ‘தி சைலண்ட் கார்னர் அண்ட் தி எம்ப்டி ஸ்டேஜ்’ தன் தலைப்பிலேயே அமைதியான மூலையையும் காலியான மேடையையும் வைத்திருக்கிறது. அதிலுள்ள ‘தி லை’ என்ற பாடல், ரோம் நகரின் சாந்தா மரியா டெல்லா விட்டோரியா தேவாலயத்தில் பெர்னினி செதுக்கிய புனித தெரேசாவின் பரவச நிலைச் சிற்பத்தின் முன் நின்று பாடப்படுகிறது. இறைவனின் அன்பம்பு தைத்துக் கண்மூடிச் சாய்ந்திருக்கும் அந்தப் பளிங்கு முகத்தைப் பார்த்து, தனக்கு வாய்க்காத நம்பிக்கையை அது பெற்றிருப்பதற்காக ஏங்கி, அந்த ஏக்கத்தில் உடலின் வேட்கையும் கலந்திருப்பதை உணர்ந்து திடுக்கிட்டு, முடிவில் எதை நம்புவதென்று தெரியாமல் நிற்கிறான் பாடுபவன். ஏசு சபையார் பள்ளியில் வளர்ந்த ஒருவருக்கு இது வெறும் கலை ரசனையாக இருந்திருக்க முடியாது. பியானோவும் ஆர்கனும் மட்டும் துணைக்கு வர, குரல் ஜெபத்தில் தொடங்கி அலறலுக்குப் போகும் அந்தப் பாதையை மறுவெளியீட்டில் கேட்டபோது, எந்த இடத்தில் ஜெபம் முடிந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதே ஆல்பத்தில் ‘ரெட் ஷிஃப்ட்’ என்ற பாடலும் உண்டு. விலகிச் செல்லும் விண்மீன் கூட்டங்களின் ஒளி சிவப்பை நோக்கி நகரும் என்ற வானியல் உண்மையை எடுத்துக்கொண்டு, தன்னிடமிருந்தே தான் விலகிப் போகும் ஒருவனைப் பாடுகிறது. இதில் ஸ்பிரிட் குழுவின் ராண்டி கலிஃபோர்னியா கிதார் வாசித்திருக்கிறார். கடைசிப் பாடலான ‘எ லவுஸ் இஸ் நாட் எ ஹோம்’ 12 நிமிடங்களுக்கும் மேல் ஓடுகிறது. கலைந்துபோன குழுவின் அடுத்த ஆல்பத்துக்கென எழுதப்பட்டு அநாதையான பாடல் அது. ஒரு வீடு, அதன் சுவர்களுக்குள் தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்ற அச்சம், கவனிப்பது தானேதானோ என்ற ஐயம். பழைய குழுவினர் வந்து உடன் வாசித்திருந்தும், அந்தப் பாடல் முழுவதும் ஒற்றை மண்டைக்குள் நடப்பதுபோலவே இருக்கிறது.

‘இன் கேமரா’ அதைவிட இறுக்கமான ஆல்பம். இந்த லத்தீன் தொடரை ஆங்கிலச் சட்டமொழியில், பொதுமக்களை வெளியேற்றிவிட்டு மூடிய அறைக்குள் நடத்தும் விசாரணைக்குப் பயன்படுத்துவார்கள். பெரும்பாலான கருவிகளை அவரே வாசித்து, அவரே அடுக்கடுக்காகப் பதிவு செய்திருக்கும் இந்த ஆல்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது: குற்றவாளி, வழக்கறிஞர், நீதிபதி எல்லாம் ஒருவரே. மனிதனின் போக்கு முன்பே விதிக்கப்பட்டதா, அவன் தேர்வதா என்று வால்மீனை முன்னிறுத்திக் கேட்கும் ‘தி காமெட், தி கோர்ஸ், தி டெயில்’ பாடலைக் கிதாரும் அவருடைய பல அடுக்குக் குரல்களும் சுமந்து செல்கின்றன. கேள்வி எழுப்பும் குரலும் பதில் தேடும் குரலும் ஒருவருடையதே என்பதை ஒலியமைப்பே சொல்லிவிடுகிறது. இறுதியில் வரும் ‘காக்’, ‘மேகாக்’ என்ற இரட்டைப் பகுதியைப் பற்றி மட்டும் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். ஹார்மோனியம் நம் வீடுகளில் கேட்கும் பஜனைப் பெட்டியின் சாயலே இல்லாமல், பூமிக்கடியிலிருந்து வருவதுபோல் முழங்கும் முதல் பகுதி அபாரமானது. நாடாத் துண்டுகளாலும் தட்டொலிகளாலும் ஆன இரண்டாம் பகுதியை நான் மதிக்கிறேனே தவிர, விரும்பிக் கேட்பதில்லை.

அடுத்த ஆண்டு வந்த ‘நாடிர்ஸ் பிக் சான்ஸ்’ ஆல்பத்தில் கதவு திடீரெனத் திறக்கிறது. ரிக்கி நாடிர் என்ற கற்பனை இளைஞனாகத் தம்மை மாற்றிக்கொண்டு, குட்டையான, முரட்டுத்தனமான, கோபமான பாடல்களை ஹாமில் பாடினார். உறைக்குறிப்பில் ‘பங்க்’ என்ற சொல்லையே பயன்படுத்தினார். பங்க் இசை பிரிட்டனில் புயலாக எழ இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்த 1975இன் தொடக்கம் அது. 1977இல், முன்தலைமுறை ராக் கலைஞர்களையெல்லாம் பங்க் இளைஞர்கள் தூக்கியெறிந்துகொண்டிருந்தபோது, செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் ஜானி ராட்டன் லண்டனின் கேபிடல் ரேடியோவில் தமக்குப் பிடித்த இசைத்தட்டுகளை ஒலிபரப்பினார்; அவற்றில் இந்த ஆல்பத்தின் பாடல்கள் இரண்டு இருந்தன. ஹாமிலை ‘ப்ராக்’, அதாவது நீண்ட, சிக்கலான பாடல்களைக் கொண்ட எழுபதுகளின் ‘புரோகிரசிவ் ராக்’, என்ற பெட்டியில் போட்டு மூடியவர்கள் அந்த ஒலிபரப்பையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. இந்த ஆல்பத்துக்காகப் பழைய குழுவினர் ஒன்றுகூடியதே அந்த ஆண்டில் வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் மீண்டும் எழவும் வழிவகுத்தது.

இப்போது ‘ஓவர்’. 1977இல் வெளிவந்த இந்த ஆல்பம் நீண்டநாள் உறவு ஒன்றின் முறிவிலிருந்து பிறந்தது. நம் அகப்பாடல்களில் பிரிவைப் பாடும்போது தலைவன், தலைவி யாரென்று பெயர் சுட்டக்கூடாது என்பது மரபு. பெயர் மறையும்போதுதான் துயரம் எல்லோருக்கும் உரியதாகிறது. ஹாமில் அந்த மறைப்பை வேண்டாமென்று தள்ளிவிட்டு, பிரிந்து சென்றவரின் பெயரையே பாடல் தலைப்பில் வைக்கிறார். முதலில் எனக்கு இது கூச்சம் தந்தது. பிறகு கவனித்தேன்: அவர் அந்தப் பெண்ணைக் குற்றம் சாட்டவில்லை, எந்தெந்த நாளில் தாம் கவனிக்கத் தவறினோம் என்பதையே எண்ணி எண்ணிப் பார்க்கிறார். அன்றாடத்தின் சிறு விவரங்கள், அவள் யோகா பயிலச் சென்ற கிழமை உட்பட, சாட்சிகளாக வந்து நிற்கின்றன. ‘பிட்ரேய்ட்’ பாடலில் வயலின் அவரோடு சேர்ந்து தேம்புகிறது. ‘திஸ் சைட் ஆஃப் தி லுக்கிங் கிளாஸ்’ பாடலிலோ கிதார், டிரம்ஸ் எல்லாம் விலகி ஒரு முழு இசைக்குழு எழுகிறது. அத்தனை தந்தி வாத்தியங்களுக்கு நடுவே அவர் குரல் அதுவரை இல்லாத அளவு தனியாக இருக்கிறது. காதலைப் பாடும் இந்த ஆல்பத்துக்குள், பிள்ளைகள் வளர்ந்து வீட்டைவிட்டுப் போனபின் மிஞ்சும் வயதான பெற்றோரின் குரலில் ‘ஆட்டம்’, அதாவது இலையுதிர்காலம், என்ற பாடலையும் வைத்திருக்கிறார். பாலைத்திணையில் மகள் போன வழியைப் பார்த்துத் தாய் புலம்பும் பாடல்களைப் படித்தவர்களுக்கு இது ஏன் இங்கே இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. அதை எழுதும்போது ஹாமிலுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

பிற்கால ஆல்பங்களை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1978இன் ‘தி ஃபியூச்சர் நவ்’ உறையில் பாதி முகத்தில் மட்டும் தாடியோடு நிற்கிறார். அடுத்த ஆண்டின் ‘பிஹெச்7’ தம் பெயரின் முதலெழுத்துகளையும், அமிலமுமல்லாத காரமுமல்லாத நடுநிலையையும் ஒரே தலைப்பில் அடக்குகிறது. எண்பதுகளின் சில ஆல்பங்களில் டிரம்ஸின் ஒலி அந்தக் காலத்தின் முத்திரையோடு வறண்டிருப்பது எனக்குத் தடையாக இருக்கிறது. ஆனால் 1986இன் ‘அண்ட் க்ளோஸ் அஸ் திஸ்’ மீண்டும் குரலும் விசைப்பலகையும் மட்டுமாகச் சுருங்கும்போது அந்தத் தடை விலகிவிடுகிறது. 1992 முதல் தம் சொந்த நிறுவனமான ஃபை மூலமே அவர் ஆல்பங்களை வெளியிட்டு வந்திருக்கிறார். 2003 டிசம்பரில் மாரடைப்பு வந்து பிழைத்தவர், 2005 மே மாதம் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் குழுவின் பழைய தோழர்கள் மூவரோடும் மேடையேறினார். அவருடைய பழைய ஆல்பங்கள் மறுவெளியீடு காணத் தொடங்கியதும் அந்தப் பருவத்தில்தான்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் ‘இன் கேமரா’விலிருந்து தொடங்க வேண்டாம், நான் அங்கே தொடங்கித்தான் பல ஆண்டுகளை இழந்தேன். ‘தி சைலண்ட் கார்னர்’ ஆல்பத்தை முதலில் கேளுங்கள். அதற்குப் பின் ‘ஓவர்’. இரண்டையும் ஒலிபெருக்கியில், விளக்கைக் குறைத்து, பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். ‘தி லை’ முடிந்தபின் அடுத்த பாடல் தொடங்குவதற்குள் கிடைக்கும் அந்தச் சிறு மௌனத்தில் அவருடைய அறை உங்களுக்கும் கேட்கும்.