சிவப்பியின் பயணம்: ஓர் அறிவியல் ஆசிரியையின் நாட்குறிப்பு

ஜூலை 4, 2024, வியாழன்

சத்துணவு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பில் சத்து மாத்திரை கொடுத்தேன். வாரம் ஒன்று என்ற கணக்கில் தரப்படும் இந்த நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. மணி அடித்த பிறகு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது, வேலியோரப் புல்லில் ஏழு நீலப் பொட்டுகள் கிடந்தன. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதைப் போன மாதம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான்தான். அவர்களுக்கு அது வேறு யாரோ 59 பேரைப் பற்றிய செய்தியாகவே இருந்திருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

பிள்ளைகள் கருவிகளைத் தாங்களே செய்து பழகும் டிங்கரிங் ஆய்வகத்தில், தரையில் ஒட்டிய கருப்பு டேப்பைத் தொடர்ந்து ஓடும் சின்ன ரோபோ ஒன்று சும்மா கிடந்தது. ஆர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகையும் இரண்டு மோட்டார்களும் அடியில் டேப்பைக் கண்டறியும் இரண்டு அகச்சிவப்பு உணரிகளும் கொண்ட அதைச் சிவப்பணுவாக்கி, நுரையீரலில் புறப்பட்டு இதயம் வழியாகக் கால் தசைக்குப் போய்த் திரும்பும் பாதையைத் தரையில் ஒட்டினோம். சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒன்று நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சுமக்கும் என்பதால், அட்டையில் நான்கு இருக்கைகள் செய்து, ஒவ்வொன்றிலும் இரும்பு அணுவுக்குப் பதிலாக ஓர் ஆணியைப் பொருத்தினோம். (ஒரு சிவப்பணுவில் உண்மையில் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உண்டு என்பதையும் சொல்லிவைத்தேன், மறைத்தால் எனக்குத் தூக்கம் வராது.) ரோபோவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சிவப்பி. கதையை அவர்களே எழுத வேண்டும், ஆனால் நோட்டில் எழுதும் ஒவ்வொரு வரியையும் சிவப்பி செய்து காட்டியாக வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை.

ஜூலை 11, வியாழன்

அந்த நிபந்தனை இன்று வேலை செய்தது. “இரும்பு குறைந்ததால் சிவப்பி தள்ளாடி மெதுவாக நடந்தாள்” என்று ஒரு குழு எழுதி, மோட்டாரின் வேகத்தையும் பாதியாகக் குறைத்திருந்தது. இரண்டு ஆணிகளைக் கழற்றிவிட்டு, கால் தசைக்கு நிமிடத்துக்கு எட்டு ஆக்சிஜன் பந்துகள் வேண்டும், இரண்டே இருக்கைகளில் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்போ ரெண்டு தடவைக்குப் பதிலா நாலு தடவை ஓடணும் மிஸ்” என்றான் ஒருவன். வேகத்தைக் கூட்டினார்கள், சிவப்பி காலி இருக்கைகளோடு தலைதெறிக்க ஓடினாள். பின் பெஞ்சில் எப்போதும் வாய் திறக்காத பெண், “மாடி ஏறினா நெஞ்சு படபடன்னு அடிக்குதே, அது இதுதானா மிஸ்?” என்று கேட்டாள். அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், எதற்கும் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். அவள் வயதில் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை.

ஜூலை 16, செவ்வாய்

தலைமையாசிரியர் பார்க்க வந்திருந்த நேரத்தில் சிவப்பி பாதையை விட்டு விலகி, பெஞ்சுக்கு அடியில் போய் முட்டிக்கொண்டாள். சாய்வெயில் தரையில் விழுந்ததால், அதிலிருக்கும் அகச்சிவப்புக் கதிர் உணரிகளைக் குழப்பிவிட்டது. ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டோம்.

ஜூலை 25, வியாழன்

கதைக்கு வில்லன் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழுவைக் கொடுத்தேன். உணவோடு சேர்த்துக் குடிக்கும் டீ இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும் என்பதால் அதற்கும் ஒரு வேடம் கிடைத்தது. ஆனால் நான் எதிர்பாராத வரி ஒரு பெண்ணின் நோட்டில் இருந்தது. சிவப்பி மாத்திரையிடம், “உன்னை விழுங்கினால் மறுநாள் கறுப்பாகப் போகிறதே, எனக்குப் பயமாக இருக்கிறது” என்கிறாள். இத்தனை வாரங்களாக என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டதைச் சிவப்பியின் வாயில் வைத்துக் கேட்டுவிட்டார்கள். உடல் உறிஞ்சாமல் விட்ட இரும்பின் நிறம்தான் அது, கெடுதல் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். வயிற்றைப் புரட்டுவதற்கும் பதில் கேட்டார்கள். வெறும் வயிற்றில் போடாதீர்கள், அதற்காகத்தான் சாப்பாட்டுக்குப் பிறகு தருகிறோம் என்றேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மாத்திரை கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மூன்று கிடந்தன. அவற்றில் ஒன்றை யாரோ பாதி கடித்துத் துப்பியிருந்தார்கள். கடிக்காமல் தண்ணீரோடு விழுங்க வேண்டும் என்பதை நானும் சொல்லவில்லை, சிவப்பியும் சொல்லவில்லை.