உடம்பு போய்விட்டது என்றார்கள்

எங்கள் கடையில் அதுவரை எடை போடாத உருப்படி நான் ஒருவன்தான். கும்பகோணத்தில் பாத்திரக் கடை. அப்பா காலத்தில் பித்தளையும் வெண்கலமும்; இப்போது பெரும்பாலும் எவர்சில்வர். எல்லாமே கிலோ கணக்கு. பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுசு எடுக்க வருபவர்களுக்காக வாசல் பக்கம் ஒரு பெரிய எடை மிஷின் கிடக்கும். 2024 பொங்கல் வியாபாரம் முடிந்த மறுவாரம், இரவு ஷட்டரைப் பாதி இறக்கி, கடைப் பையனை டீ வாங்க அனுப்பிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதன் மேல் ஏறி நின்றேன். 108 கிலோ. கல்யாண ஆர்டருக்குக் கட்டிய மூட்டைகளில்தான் அப்படி ஒரு எண்ணைப் பார்த்திருக்கிறேன்.

அதற்கு நாலு நாள் முன்பு ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி 8.1 என்று வந்திருந்தது. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரிக் கணக்கு அது, 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று அர்த்தம். ரத்தக் கொதிப்புக்கு ஏற்கெனவே மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. "வயசு 46தானே, எடையைக் குறைங்க, நிறைய மாறும்" என்றார் டாக்டர்.

எப்படிக் குறைத்தேன் என்று விரிவாக எழுதப்போவதில்லை, அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சோறு ஒரு கரண்டி, காய் மூன்று கரண்டி, முட்டை, சுண்டல், சாயங்கால டிபன் கிடையாது, காப்பியில் சர்க்கரை கிடையாது. விடிகாலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடை. பதினாறு மண்டபங்களையும் எண்ணிக்கொண்டே நடப்பேன். முதல் வாரம் ஒரு சுற்றுக்கே மூச்சு வாங்கியது. பதினாலு மாதத்தில் 76 கிலோவுக்கு வந்தேன். வழியில் நடந்த, யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயங்களைத்தான் சொல்ல வேண்டும்.

முதல் அதிர்ச்சி முடி. நான்காவது மாதம், தலை துவட்டினால் துண்டு முழுக்க முடி. சர்க்கரையும் போய்த் தலையும் வழுக்கையாகுமா என்று பயந்து டாக்டரிடம் ஓடினேன். அவர் முடியைப் பார்க்கவில்லை, என் எடைக் கணக்கைப் பார்த்தார். முதல் இரண்டு மாதத்தில் ஒருவேளைச் சாப்பாடு மட்டும் என்று வீராப்பாக இருந்து 12 கிலோ இறக்கியிருந்தேன். உடம்புக்கு அது பஞ்ச காலம் மாதிரி, நிறைய முடி வேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டும் என்றார். இந்த வேகத்தில் போனால் பித்தப்பையில் கல்லும் வரலாம் என்று ஒரு அதட்டல். வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ என்று வேகத்தைக் குறைத்து, பருப்பையும் முட்டையையும் கூட்டச் சொன்னார். தீபாவளிக்குள் முடி திரும்ப வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று மாதத்தில் என்னைப் பார்த்தவர்கள் மனதில் விழுந்த எண்ணம் திரும்ப வரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கழுத்தைக் கண்டுபிடித்தவர் முடிவெட்டுபவர். பின்கழுத்தில் அழுக்குப் பட்டை மாதிரி ஒரு கருப்பு, இருபது வருஷமாக இருந்தது. பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்து ரத்தமே வந்திருக்கிறது. "அண்ணே, அந்தக் கருப்பு எங்கண்ணே?" என்று கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினார். இன்சுலின் கூடுதலாகச் சுரப்பதன் அடையாளமாம் அது. என் உடம்பு இருபது வருஷமாகக் கழுத்தில் நோட்டீஸ் ஒட்டி வைத்திருந்திருக்கிறது. நான் அதைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் உட்காருவது. கல்லா நாற்காலி பலகை நாற்காலி, அப்பா உட்கார்ந்தது. எனக்குப் பின்னால் எலும்பு இருக்கிறது என்பதே 2024 கடைசியில்தான் தெரிந்தது. பத்து நிமிஷம் உட்கார்ந்தால் குத்தும். கல்யாணப் பந்தியில் தரையில் சம்மணம் போட்டால் பாயசம் வருவதற்குள் நெளிய ஆரம்பித்துவிடுவேன். மெத்தை வைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்த முதல் நாள் கடைப் பையன் உள்ளே போய்ச் சிரித்தான். மார்கழியில் குளிர வேறு செய்தது. வருஷம் முழுக்க ஃபேனை அஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தவன் போர்வை கேட்டால் வீட்டில் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

வீட்டில் இன்னொரு கூத்து. குறட்டை நின்றுபோனது. என் மனைவி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். ஒரு ராத்திரி மூக்கருகில் ஏதோ ஊர்வது போலிருக்க, விழித்துப் பார்த்தால் அவள் விரல். "சத்தமே காணோம், அதான் மூச்சு வருதான்னு பாத்தேன். தூங்குங்க" என்றாள். பத்தொன்பது வருஷம் அந்தச் சத்தத்தில் தூங்கப் பழகியவள், சத்தம் நின்றதும் ஒரு மாதம் போலத் தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறாள்.

முழங்கால்தான் பெரிய வரம். ஒரு கிலோ குறைந்தால் எட்டு வைக்கும்போது முழங்காலில் இறங்கும் பாரம் ஏறத்தாழ நாலு கிலோ குறையும் என்கிறார்கள். என் 32 கிலோவுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எட்டு வருஷமாகக் கடைப் பரணில் நான் ஏறியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணியைப் போட்டு ஏறினேன். மூலையில் ஒரு சாக்கு. உள்ளே 1998 தேதியிட்ட பேப்பரில் சுற்றிய ஆறு பித்தளைக் கூஜா. அப்பா கையால் சணல் கட்டியது, அவருடைய அந்த இரட்டை முடிச்சு. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு எழுந்தால், கண் இருட்டிவிட்டது. உத்தரத்தைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தேன். கீழே வந்து பார்த்தால் பிரஷர் 96க்கு 60. 108 கிலோ ஆளுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை 80 கிலோ ஆள் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறான். டாக்டர் அளவைப் பாதியாக்கினார். கொதிப்புக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே எடை குறைப்பவர்கள் நடுநடுவே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், விடாப்பிடியாகப் பழைய அளவையே விழுங்கிக்கொண்டும் இருக்காதீர்கள். பரணில் ஏறும் ஆளாக இருந்தால் கட்டாயம்.

இதெல்லாம் உடம்பு செய்தது. ஊர் செய்தது வேறு.

எங்கள் பக்கப் பேச்சைக் கவனித்துப் பாருங்கள். ஒருவன் குண்டானால் "உடம்பு தேறிட்டான்" என்பார்கள். மெலிந்தால் "உடம்பு போயிடுச்சு". தேறுவது காய்ச்சலில் கிடந்தவன் எழுவது. போவது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. என் விஷயத்தில் வார்த்தை அப்படியே வேலை செய்தது. 108 கிலோவில், சர்க்கரை எட்டைத் தாண்டி நின்றபோது, ஒரு ஆள் என்னைப் பார்த்துச் "சுகரா?" என்று கேட்டதில்லை. அது 5.8-க்கு இறங்கிய மாதத்தில் நாளுக்கு நாலு பேர் கேட்டார்கள். சிலர் சுகரோடு நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்தி, "எல்லா டெஸ்டும் எடுத்துட்டீங்கள்ல?" என்பார்கள். அந்த "எல்லா"வில் என்னென்ன அடங்கும் என்று எனக்குத் தெரியாதா? முடி கொட்டிய மூன்று மாதம் அந்தச் சந்தேகத்துக்கு உரம்போட்டுவிட்டது. இத்தனைக்கும் என் உயரம் 170 சென்டிமீட்டர். 76 கிலோ என்றால், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில் 26. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்கிறது மருத்துவக் கணக்கு. புத்தகப்படி நான் இன்னும் குண்டுதான், தெருவின்படி எலும்புக்கூடு.

2025-ல் எடை குறைக்கும் அந்த மௌன்ஜாரோ ஊசி இந்தியாவுக்கு வந்த பிறகு கேள்வி மாறியது. "ஊசியா? பேலியோ டயட்டா? ஆபரேஷனா?" குறைவாகச் சாப்பிட்டு நடந்தேன் என்றால் நம்ப மாட்டார்கள், ஏதோ தொழில் ரகசியத்தை மறைப்பதாக நினைப்பார்கள். ஒருவர் மட்டும், "அந்த 32 கிலோ எங்கதான் போச்சு?" என்று நியாயமான கேள்வி கேட்டார். 2014-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இதற்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்: 10 கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போய்விடும், மீதி 1.6 கிலோ தண்ணீர். குளக்கரையில் ஊதிவிட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டு போனார்.

பழி மனைவி தலையில் விழுந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வளைகாப்பில், பந்தி நடுவே, என் பெரியம்மா முறை உள்ளவர் அவளைப் பார்த்து, "ஏம்மா, அவனுக்குச் சோறு போடுறியா இல்லையா?" என்றார். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். "போட்டேன் பெரியம்மா, அதுலதான் சுகர் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவள் மோர்க்குழம்பைப் பிசைந்து சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்துதான் அழுதாள்.

வியாபாரத்தில் கை வைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. வடக்கிலிருந்து சரக்கு அனுப்பும் மொத்தக் கடைக்காரர் ஒருவர். 45 நாள் தவணை, பதினோரு வருஷப் பழக்கம், ஒரு செக்கும் திரும்பியதில்லை. அவருடைய ஏஜென்ட் ஒரு நாள் வந்து டீ குடித்துவிட்டு, சுற்றி வளைத்து, "பாக்கியக் கொஞ்சம் முன்னாடியே முடிச்சிடலாமா சார்? உங்க ஹெல்த்தப் பத்திக் கேள்விப்பட்டோம்" என்றார். கடை நஷ்டம், கடன் தொல்லை, ஆள் கவலையில் உருகுகிறான் என்று ஒரு கதை எனக்கு முன்னால் கடைத்தெருவைச் சுற்றி வந்திருக்கிறது. பீரோவைத் திறந்து மூன்று ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். யோசித்துப் பார்த்தால் கேவலம்தான், ஆனால் தவணை நிலைத்தது. அன்றுதான் புரிந்தது, கல்லாவில் பிதுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தத் தொந்தி எனக்குப் பல வருஷம் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

அந்த வருஷ ஆவணியில், முன்பு மூத்த பெண் கல்யாணத்துக்கு எங்களிடம் சீர்ப் பாத்திரம் எடுத்தவர், இளையவள் கல்யாணத்துக்கு வந்தார். நேராக என்னிடம் வந்து, "மொதலாளி இல்லையா தம்பி?" என்றார். நான்தாங்க என்றேன். உற்றுப் பார்த்துவிட்டு, "அவரு தம்பியா நீங்க? சாயல் இருக்கு. அவரு வரட்டும், அவருன்னா வெலை பார்த்துப் போடுவாரு" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். குரலைக் கேட்டும், மூத்த பெண்ணுக்கு எடுத்த குத்துவிளக்கு நாச்சியார்கோவில் வேலை என்று நான் சொல்லியும் அரைமனதாகத்தான் நம்பினார். கடைசியில் பழைய முதலாளி கொடுத்திருக்கக்கூடிய விலையைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் போட வேண்டியிருந்தது.

நல்லதும் இருந்தது. ஷேர் ஆட்டோவில் முன்பெல்லாம் நான் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் ஒரு பெருமூச்சு விட்டு நகர்வார். இப்போது யாரும் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்ளாமல் விடப்படுவது இவ்வளவு சுகமா என்று தோன்றிய அதே நிமிஷம் கோபமும் வந்தது. அன்றைக்கும் அதே காசுதானே கொடுத்தேன்?

நண்பன் ஒருவன் விஷயம் இன்னும் ஆறவில்லை. இருபது வருஷமாகச் சாயங்காலம் ஆறரைக்கு இருவரும் டிபனுக்குப் போவோம், இட்லியும் கடப்பாவும். கடப்பா என்றால் கும்பகோணத்துக்காரர்களுக்குத் தெரியும், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட குருமா மாதிரி, மற்றவர்கள் ஒரு தடவை வந்து சாப்பிட்டுப் பாருங்கள். எடை குறைக்கும்போதும் நான் கூடப் போய்க் காப்பி மட்டும் குடிப்பேன். ஒரு நாள் இலையைப் பாதியில் மடித்துவிட்டு, "மாப்ளே, நீ ஒண்ணும் சொல்லலதான். ஆனா நீ உக்காந்திருக்கறது என் இட்லிய எண்ற மாதிரி இருக்கு" என்றான். நான் எண்ணவில்லை. சரி, ஒரு தடவை எண்ணியிருக்கலாம். இப்போது ஆறரைக்கு அவன் வேறு யாருடனோ போகிறான்.

திருச்செந்தூர் போயிருந்தோம். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். தொந்தி முன்னால் தள்ளிக்கொண்டு அதே வரிசையில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன், கூச்சமே வந்ததில்லை. இந்தத் தடவை கை தானாகத் துண்டை எடுத்து வயிற்றைச் சுற்றியது. தோல் தொங்குகிறது, சரக்கை இறக்கிய கோணிப்பை மாதிரி மடிப்பு மடிப்பாக. சட்டைக்குள் ஒரு ஆள், சட்டைக்கு வெளியே ஒரு ஆள். கொஞ்சம் சுருங்கும், முழுக்கப் போகாது என்றுதான் டாக்டர் சொல்கிறார்.

பழைய சட்டைகளை டெய்லரிடம் பிடிக்கக் கொடுத்தேன். எட்டில் நாலைத் திருப்பி அனுப்பிவிட்டார், தோள்பட்டையிலிருந்து பிரிக்க வேண்டும், புதுசே தைத்துவிடலாம் என்று. அந்த நாலையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று வாசலில் வைத்திருந்தேன். சாயங்காலம் பார்த்தால் காணோம். அம்மா அவற்றைத் துவைத்து, மடித்து, அந்துருண்டை போட்டுத் தன் பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தார்.

"எதுக்கும்மா இது?"

"இருக்கட்டும் தம்பி" என்றார். "நாளைக்கே உடம்பு தேறுனா வேணும்ல."