எர்ணாவூர்க் கோரை

தாவரவியல் சார் மறைந்த செய்தி வந்த இரவில் நம் பழைய மாணவர் சங்கக் குழுவில் பேச்சு ஓயவே இல்லை. டொராண்டோவிலிருந்தும் துபாயிலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் எழுதியவர்கள் எல்லோரும் நினைவுகூர்ந்தது ஒரே சாரைத்தான். செம்பருத்தியின் நீள்வெட்டுத் தோற்றத்தைக் கரும்பலகையில் ஒரே மூச்சில் வரைந்து முடிப்பவர். செய்முறைத் தேர்வுக்கு முதல்நாள் ஆய்வகச் சாவியை நம் கையிலேயே தந்துவிட்டுப் போகிறவர். எல்லாம் உண்மை. ஆனால் சாரின் நாட்களை எடுத்துக்கொண்டது செம்பருத்தியன்று. வடசென்னையில், எர்ணாவூர்ப் பக்கம் கால்வாய்க் கரையில் முளைத்த, முழங்கால் உயரம்கூட வராத ஒரு கோரை. அந்தக் கதை முழுவதும் தெரிந்தவர்கள் நம்மில் நான்கைந்து பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். அதை எழுதிவைக்கத்தான் சங்க மலரில் இந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன்.

செடி பறிக்கப் போகும் ஞாயிற்றுக்கிழமை நடையைப் பற்றி நமக்குள் விளக்க வேண்டியதில்லை. தகரப் பெட்டி யார் தோளில், அழுத்துப் பலகை யார் தலையில் என்ற சண்டை திருவொற்றியூர் தாண்டும்வரை தீராது. சார் ஒரு வேலியோரம் நின்றுவிட்டால் அரை மணி நேரம் போய்விடும். முசுமுசுக்கையைக் கையில் ஏந்தி, "வீட்டில் சளிக்கு இதைப் போட்டு அடை சுடுகிறார்கள் இல்லையா? 1753-இல் ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயரில் நம் மதராஸ் இருக்கிறது. அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை" என்பார். அதற்கும் முன்பு, 1690-களில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், சென்னையைச் சுற்றிச் செடிகளைப் பறித்து உலர்த்தி, தமிழ்ப் பெயர்களையும் கேட்டு எழுதி லண்டனுக்கு அனுப்பியதைச் சொல்வார். தமிழ் அகராதி தொகுத்த ராட்லர் பாதிரியார் செடிகளையும் தொகுத்தவர் என்று, வேப்பேரி வழியே பஸ்ஸில் போகும்போதெல்லாம் சொல்வார். உலகத் தாவரவியல் நம் தெருக்கள் வழியாக நடந்து போயிருக்கிறது என்பது பதினாறு வயதில் எனக்கு எவ்வளவு பெரிய செய்தி!

சார் கண்டிப்பாக இருந்தது ஒன்றில்தான்: உலர்த்திய செடியோடு வைக்கும் குறிப்புச் சீட்டு. "சீட்டு இல்லாத செடி வெறும் வைக்கோல்" என்பார். ஊர் பெயர் மட்டும் போதாது. எந்தக் கரை, எதற்கு வடக்கே, மண் எப்படி, தண்ணீர் உப்பா நல்லதா, பூவின் நிறம் என்ன என்பதெல்லாம் வேண்டும். நிறம் காய்ந்தால் போய்விடும், வாசனையும் போய்விடும், ஆகவே அந்த இடத்திலேயே எழுத வேண்டும். கடைசி வரியில் பறித்தவர்கள் பெயர். தன் பெயருக்குக் கீழே எங்கள் பெயர்களையும் இனிஷியலோடு எழுதுவார். ராபர்ட் வைட் என்ற மருத்துவர் சென்னை மாகாணத்தில் இருந்தபடி 1838 முதல் 1853 வரை இந்தியத் தாவரப் படங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். வைட் ஓர் ஆர்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். "வேலை செய்தவன் பெயர் தாளில் இருக்க வேண்டும்" என்பதற்குச் சார் தரும் சான்று அது.

1985 நவம்பர் பெருமழை நினைவிருக்கும். அது வடிந்து, தை பிறந்த பிறகு போன நடையில்தான் அந்தக் கோரை கிடைத்தது. பிம்பிரிஸ்டைலிஸ் என்ற கோரைப் பேரினம் என்பது லென்ஸில் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. எந்தச் சிற்றினம் என்பதுதான் பிடிபடவில்லை. சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றிக் கேம்பிள் எழுதிய நூலின் வழிகாட்டி அட்டவணையில் பாதி தூரம் போய் நின்றுவிடும். மயூரநாதன் 1929-இல் எழுதிய சென்னை நகரப் பூக்கும் தாவரங்கள் நூல், காலிகோ அட்டை போட்டு, சாரிடம் எப்போதும் இருக்கும். அதிலும் பொருந்தவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அன்றே புதுச் சிற்றினம் என்று கொண்டாடியிருப்பார்கள். சார் அடுத்த இரண்டு மழைக்காலங்களை அதற்குக் கொடுத்தார். ஒரு செடி மட்டும் வேறாக இருந்தால் போதாது. உப்பு ஏறினால் எந்தக் கோரையும் குறுகிப்போகும். கால்வாய்க் கரையில், கழனி ஓரத்தில், கத்திவாக்கம் பக்கத்துப் பள்ளங்களில் என்று பல இடங்களில் பறிக்கச் சொன்னார். ரேசர் பிளேடால் பூக்கதிரைப் பிரித்து, சூல்தண்டின் அடி தடித்திருக்கிறதா, முதிர்ந்த கொட்டையின் மேல் மேடுகள் எத்தனை வரிசை என்று எண்ணவைத்தார். எல்லா இடத்திலும் அதே வேறுபாடு நின்றால்தான் அது சிற்றினத்தின் குணம். இல்லையேல் அந்த இடத்தின் குணம். இதைவிடத் தெளிவாக வகைப்பாட்டியலை எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

வேறுபாடு நின்றது. அதன்பின் விதிமுறைகள். புதிய பெயரை வெளியிட வேண்டுமானால், உலர்ந்த செடியை ஒட்டிய இந்தத் தாளே அந்தப் பெயருக்கு அடையாளம் என்று ஒரு மூல மாதிரியைக் குறிக்க வேண்டும்; 1958 முதல் அது கட்டாயம். வருணனை லத்தீனில் இருக்க வேண்டும். 1935 முதல் 2011 முடிய அந்த விதி இருந்தது. ராயபுரத்தில் ஓய்வில் இருந்த ஒரு வயதான பாதிரியாரிடம் சார் மாலைநேரங்களில் போய் லத்தீன் கற்றார். நாற்பது வயதுக்கு மேல், ஒரு கோரைக்காக! கோடை விடுமுறையில் சொந்தச் செலவில் கோயம்புத்தூர் போய், அங்குள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தின், அதாவது உலர்தாவரச் சேமிப்பகத்தின், தாள்களோடு ஒப்பிட்டுவிட்டு வந்தார். அங்கும் இணை கிடைக்கவில்லை.

பிறகு, நகரத்தில் ஓர் அலுவலகத்துக்கு எங்களில் மூவரை அழைத்துக்கொண்டு போனார். பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தவர் தாளைத் தொடவில்லை. பேனா முனையால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். "பள்ளிக்கூட வாத்தியாருக்கு இது எதற்கு? தேர்ச்சி விகிதத்தைக் கவனியுங்கள்" என்றார். எங்கள் முன்னால் சொன்னார். தாள் மீண்டும் மேசையில் விழுந்தபோது காய்ந்த பூக்கதிர்கள் சில உதிர்ந்தன. சார் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பையிலிருந்து காகிதம் எடுத்து மடித்து அதில் வைத்தார். மாணவர்கள் எதிரே தங்கள் ஆசிரியர் அப்படிக் குனிந்து நின்ற காட்சியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் சார் சொன்னது வேறு. "அவர் கேட்டதில் ஒரு கேள்வி நியாயமானது. லண்டனில் இருக்கும் பழைய தாள்களைப் பார்த்தீர்களா என்றார். பார்க்கவில்லையே." நம் நாட்டுச் செடிகளின் மூலத் தாள்கள் பல கடல் கடந்து கிடக்கின்றன. வடசென்னைச் சதுப்பில் நிற்கிறவன் தன் காலடிச் செடியை உறுதிசெய்ய ஐயாயிரம் மைல் போக வேண்டும். சார் போக முடியாது. எங்கள் கோரைத் தாள்கள் சாரின் கட்டுக்குள்ளேயே அப்படியே நின்றுவிட்டன.

நான் ரயில்வே சிக்னல் பொறியாளனாகி 1994-இல் லண்டன் வந்தேன். சில ஆண்டுகளில் சாரிடமிருந்து ஒரு தடித்த உறை. அளவுகள், கொட்டையின் படங்கள், ஒப்பிட வேண்டிய பெயர்கள். லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்து ஹெர்பேரியத்துக்கு எழுதி அனுமதி பெற்றேன். சிவப்பு வண்ணம் பூசிய இரும்புச் சுழல் படிகள், மாடிக்கு மாடி அலமாரிகள், சுமார் 70 லட்சம் உலர்ந்த தாவரங்கள். மூல மாதிரிகள் சிவப்பு ஓரமிட்ட உறைகளில் தனியே இருந்தன. அங்கிருந்த பெண்மணி ஒரு மேசையும் லென்ஸும் தந்தார். மாலைக்குள் இணை கிடைத்துவிட்டது. வைட் சேகரித்த தாள். கொட்டை, மேடுகள், சூல்தண்டின் அடி எல்லாம் ஒத்துப்போயின. நம் கோரைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெயர் வைத்துவிட்டார்கள். பின்னால் வந்த நூலொன்றில் அந்தப் பெயரை இன்னொன்றின் கீழ்ச் சேர்த்துவிட்டதால்தான் நம்மூர் அட்டவணையில் அது அகப்படவில்லை.

அதைச் சாருக்கு எப்படி எழுதுவது என்று பல நாள் தவித்தேன். பதில் அவர் வழக்கமான பச்சை மையில் வந்தது. "மிக நல்லது. உலகத்துக்கு ஒரு வீண் பெயர் மிச்சம். ஆனால் வைட்டின் சீட்டில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், பார்த்தாயா? இந்தியத் தீபகற்பம் என்று மட்டும் அச்சடித்திருக்கிறது. எங்கே பறித்தார்? எந்தக் கரை? நம் சீட்டில் இருக்கிறது."

ஆசியத் தாவரங்களில் ஒரு வீண் பெயரைத் தவிர்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஜாவாவில் டச்சுக்காரர், பிலிப்பைன்ஸின் லூசானில் ஸ்பானியர், சென்னையில் ஆங்கிலேயர் என்று ஒருவர் தாளை இன்னொருவர் பாராமல், ஒரே செடிக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பிரித்தும் சேர்த்தும் ஒழுங்குபடுத்துவது புதிது கண்டுபிடிப்பதற்குச் சற்றும் குறைந்த வேலையில்லை. இன்றும் ஆண்டுக்குச் சுமார் 2,000 தாவரங்கள் உலகில் புதிதாகப் பெயர் பெறுகின்றன. அவற்றில் பல, ஏதோ ஓர் அலமாரியில் பல பத்தாண்டுகள் கிடந்தவை. 2010-இல் வந்த ஓர் ஆய்வு, பறித்த ஐந்து ஆண்டுகளுக்குள் வருணனை பெறுபவை 16 சதவீதமே என்றது; ஏறத்தாழ கால்பங்குக்கு 50 ஆண்டுகளுக்கு மேல் பழைய தாள்கள் தேவைப்பட்டிருக்கின்றன.

கடைசியாகச் சாரைப் பார்த்தபோது, லண்டனில் நான் பார்த்த அதே அலமாரிகளின் படங்களை மகளின் செல்போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எர்ணாவூர்ப் பள்ளத்துக்குப் போக வேண்டும் என்றேன். அங்கே மண் கொட்டி நிரப்பி, சரக்குப் பெட்டகங்களை அடுக்கிவிட்டார்கள் என்றார். அது நிரம்பிய ஆண்டுகளில் நான் இங்கே குரோய்டன் பாதையில் சிக்னல் விளக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வேலை, நல்ல சம்பளம், குறையொன்றும் இல்லை. ஆனால் பிளேடும் லென்ஸும் பிடிக்கச் சார் பழக்கிய கைகளில் ஒரு ஜோடி அந்த நேரத்தில் ஊரில் இருந்திருக்கலாம் என்று தோன்றாமல் இல்லை.

இப்போது வேண்டியது இதுதான். தண்டையார்பேட்டை வீட்டில் சாரின் கட்டுகள் முழுவதும் இருக்கின்றன. மகள் நாப்தலீன் உருண்டை போட்டுக் காத்து வருகிறார். கடற்காற்றில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிட்டது, வெள்ளிப்பூச்சியும் உண்டு. அவற்றை உறையவைத்துப் பூச்சி நீக்கி, புதுத் தாளில் ஏற்றி, ஸ்கேன் செய்து, ஏற்றுக்கொள்ளும் ஒரு ஹெர்பேரியத்தில் சேர்க்க வேண்டும். பணத்தைச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். பணத்தால் ஆகாத வேலை ஒன்று இருக்கிறது. "இரும்புப் பாலத்துக்கு வடக்கே", "உப்பளத்து இரண்டாம் வரப்பு", "பெரிய புளியமரத்தடி" என்று சீட்டுகளில் இருக்கும் இடங்கள் எவை என்று வரைபடத்தில் குறித்தாக வேண்டும். பாலமும் இல்லை, மரமும் இல்லை. நடந்துபோன நமக்குத்தான் தெரியும். ஜூலையில் சென்னை போகிறேன். சீட்டுகளைப் படமெடுத்து ஆண்டுவாரியாகக் குழுவில் அனுப்புவேன். பறித்தவர்கள் வரியில் உங்கள் பெயர் இருந்தால், அந்த இடத்தைக் குறித்து ஐப்பசி மழைக்கு முன் எனக்கு அனுப்பிவிடுங்கள்.