கோட்டைக்கும் கடைமடைக்கும் நடுவே ஒரு வாரம்

ஏப்ரல் 21

உழவன் எக்ஸ்பிரஸில் தூக்கம் வரவில்லை. எழும்பூரில் இறங்கி, ஓமந்தூரார் தோட்டத்து விடுதிக்கு வந்து குளித்து முடிப்பதற்குள் உதவியாளர் நிகழ்ச்சி நிரலோடு வந்துவிட்டார். புதன்கிழமை சட்டமன்றத்தில் நீர்வளத் துறை மானியக் கோரிக்கை. கட்சி எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறது. எதிர்க்கட்சி வரிசையில் பின்பெஞ்சுக்காரனுக்குப் பத்து நிமிடம் என்பது பெரிய சொத்து.

தொகுதியில் பலரும் பட்ஜெட் வாசித்த அன்றைக்கே பணம் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு அவையிடம் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், அதுதான் மானியக் கோரிக்கை. அரசியல் சட்டத்தின் 203-வது பிரிவுப்படி அவை அதைக் கொடுக்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். ஒரு ரூபாய்கூடக் கூட்ட முடியாது. வாங்கிய கடனுக்கான வட்டி, நீதிபதிகள் சம்பளம் போன்றவை வாக்கெடுப்புக்கே வராது.

ஆகவே எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் பணம் வேண்டும் என்று பேச விரும்பும் நான், 'இந்தத் துறையின் மானியத்தில் 100 ரூபாயைக் குறைக்க வேண்டும்' என்று, குறையைச் சொல்ல ஒரு சாக்காக, வெட்டுத் தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஊரில் இதை யாருக்காவது விளக்கிச் சொன்னால் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

ஏப்ரல் 22

காலையில் வேறு இரண்டு துறைகள். திருக்குறள் வாசித்து அவை தொடங்கியது, கேள்வி நேரம் முடிந்தது, விவாதம், அமைச்சர்கள் பதில், குரல் வாக்கெடுப்பு. விசேஷமாக எழுத ஒன்றுமில்லை.

மாலையில் தலைமைச் செயலகத்தின் நாமக்கல் கவிஞர் மாளிகை. எங்கள் கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசிப் பகுதிக்கு, தண்ணீர் பிரிக்கிற தலைப்பு மதகின் ஷட்டர் இற்றுப்போய், ஊர்க்காரர்கள் மணல் மூட்டை அடுக்கித்தான் தண்ணீரைத் திருப்புகிறார்கள். எஸ்டிமேட் போட்டு அனுப்பியாகிவிட்டது. அது இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று பார்க்கப் போனேன். "ஃபைல் ஃபைனான்ஸ்ல இருக்கு சார்" என்றார் பிரிவு அலுவலர். நிதித் துறையில் கேட்டால், விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள நடைபாதையில்தான் எங்கள் மதகு நின்றுகொண்டிருக்கிறது போலும்.

இரவு விடுதி வாசலில் கடைமடைக்காரர்கள் மூன்று பேர். நான் பேசுவதைப் பார்க்க வேண்டும் என்று வேளாங்கண்ணி மாதா படம் போட்ட மஞ்சள் பையோடு வந்திருக்கிறார்கள். பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கச் சொன்னேன். பைக்குள் எனக்காக வெள்ளரிப் பிஞ்சு.

ஏப்ரல் 23

பேசவில்லை.

நேரமில்லா நேரத்தில் எங்கள் தலைவர் ஒரு பிரச்சினையை எழுப்ப அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. கூச்சல், பிறகு வெளிநடப்பு. வெளியே வந்ததும் இன்று முழுக்கப் புறக்கணிப்பு என்று முடிவாகிவிட்டது. எழுப்பிய பிரச்சினை நியாயமானதுதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் தூர்வாரும் கணக்கை எழுதிய காகிதம் சட்டைப் பையிலேயே கசங்கிக் கிடந்தது. கொறடாவிடம் "அண்ணே, நீர்வளத்துக்கு மட்டும் உள்ள போய் உக்காரலாமா?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் தோளில் தட்டிவிட்டு நகர்ந்தார். அதுவே பதில்.

வாயிலில் மைக்குகள் முன்னால் தலைவருக்குப் பின்வரிசையில் நின்றேன். உள்ளே எங்கள் வெட்டுத் தீர்மானங்கள் எல்லாம் விழுந்து, மானியம் நிறைவேறிவிட்டது. நாங்கள் உட்கார்ந்திருந்தாலும் அதே முடிவுதான். தலைகளை எண்ணிப் பார்க்கும் வாக்கெடுப்பு எங்கள் அவையில் அபூர்வம். 2017 பிப்ரவரி 18-ல் நம்பிக்கை வாக்கெடுப்பில் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி ஆதரவு 122, எதிர்ப்பு 11 என்று எண்ணினார்கள். மானியக் கோரிக்கைக்கு 'ஆம்' என்ற ஒரு சத்தம் போதும்.

வேடிக்கை என்னவென்றால், கடைமடைக்காரர்கள் மூன்று பேரும் மாடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போகலாமா கூடாதா என்று தெரியவில்லையாம். அமைச்சர் பதிலுரையை முழுசாகக் கேட்டுவிட்டு வந்து, எனக்கு வகுப்பு எடுத்தார்கள்.

"தம்பி, டெல்டா தூர்வாருறதுக்குப் பணம் இருக்குன்னாரு. நம்ம மதகு பேரு வரல. நான் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் கேட்டேன்" என்றார் மூத்தவர்.

"ஓட்டெடுப்பு எப்படி நடந்துச்சு ஐயா?"

"அதுவா? எல்லாரும் ஒரே சத்தமா ஆமுன்னாங்க. நம்ம ஊரு கிராம சபையில தீர்மானம் போடவே இதைவிட நேரமாகும்."

சரவண பவனில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து ரயிலுக்கு அனுப்பினேன். என் பேச்சைக் கேட்க வந்தவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

ஏப்ரல் 24

அவை நடந்துகொண்டிருக்கும்போதே துறை அமைச்சரை அவர் அறையில் பார்த்தேன். ஷட்டர் மனுவை நீட்டியதும் சிரித்தார். "நூறு ரூபா குறைக்கச் சொன்னவரும் நீங்கதான், கேட்டு வந்திருக்கிறவரும் நீங்கதானா?" என்றார். "பேச விட்டிருந்தா அங்கயே கேட்டிருப்பேண்ணே" என்றேன். மனுவின் ஓரத்தில் குறிப்பு எழுதி முதன்மைப் பொறியாளருக்கு அனுப்பச் சொன்னார்.

சபைக்குள் எதிரும் புதிருமாக நின்றாலும் அந்த அறையில் வேறு கணக்கு. அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். 2022 ஆகஸ்டில் 234 உறுப்பினர்களிடமும் தொகுதிக்குப் பத்துக் கோரிக்கை கேட்டு முதலமைச்சர் கடிதம் அனுப்பினாரே, அதில் கட்சி பார்க்கவில்லை. ஆனால் கோரிக்கை வாங்குவது வேறு, அரசாணை வருவது வேறு. எஸ்டிமேட், நிர்வாக ஒப்புதல், டெண்டர், வேலை உத்தரவு என்று ஒவ்வொரு படியிலும் ஆள் நின்று தள்ள வேண்டும்.

ஏப்ரல் 26

தொகுதி அலுவலகம். எட்டு மணிக்கே வாசலில் செருப்புக் குவியல். மகளிர் உரிமைத் தொகை தள்ளுபடியானவர்கள்தான் அதிகம். ஒருத்திக்கு வீட்டுக்காரர் பெயரில் பழைய கார் இருக்கிறது, ஓடாத கார். இன்னொருத்திக்கு ஏன் தள்ளினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. மேல்முறையீட்டு மனுவை உதவியாளர் ஆன்லைனில் போட்டுக் கொடுத்தார். நத்தம் பட்டா, நூறு நாள் வேலைச் சம்பள பாக்கி, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர்.

ஒரு பாட்டி கேரி பேக்கைப் பிரித்து மேசையில் கொட்டினார். முதியோர் உதவித்தொகைக்குக் கொடுத்த மனுக்களின் ரசீதுகள். மங்கிப்போனவை, மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியவை, எல்லாம் தேதி வரிசைப்படி. ஒவ்வொன்றிலும் ஒரு வட்டாட்சியரின் முத்திரை, பாட்டி எல்லாருக்கும் அடைமொழி வைத்திருந்தார். "இது மீசைக்காரரு. இது போன் பேசிக்கிட்டே இருப்பாரு." ஆதாரில் வயது குறைவாகப் பதிந்திருக்கிறது, அதுதான் சிக்கல். அதைத் திருத்தினால்தான் 1,200 ரூபாய். ஆளை அனுப்பி ஆதார் மையத்துக்கு அழைத்துப் போகச் சொன்னேன். போகும்போது கேட்டார்: "டிவியில பார்த்தேன், வெளிய வந்து நின்னியே தம்பி, உள்ள உக்கார எடம் இல்லியா?"

காலை முழுக்க வந்தவர்களில் மானியக் கோரிக்கை பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 27

முகூர்த்த நாள். மூன்று கல்யாணம், ஒரு துக்க வீடு. வாசலில் மாலை, மொய்க்கவர், போட்டோ. விடுபட்ட வீட்டுக்காரர்கள் அடுத்த தேர்தல் வரைக்கும் மறக்க மாட்டார்கள்.

நாலு மணிக்கு மேல் உதவிப் பொறியாளரோடு வாய்க்கால் கரையில். ஆற்றிலிருந்து பிரிகிற பெரிய வாய்க்காலில் பொக்லைன் இறங்கியிருக்கிறது, காட்டாமணக்கை வேரோடு பிடுங்கிக் கரையில் போடுகிறார்கள். வேலை மோசமில்லை. சிக்கல் அதற்குக் கீழே. ஏ, பி பிரிவு வாய்க்கால் நீர்வளத் துறை, சி, டி பிரிவு வேளாண் பொறியியல் துறை. மேலே சுத்தமாகி, கீழே வெங்காயத்தாமரை மண்டிக் கிடந்தால் தண்ணீர் பாதி வழியில் கரையேறி ரோட்டுக்குத்தான் வரும். இரண்டு துறைக்கும் இரண்டு டெண்டர், இரண்டு தேதி.

வழக்கமாக மேட்டூர் திறப்பது ஜூன் 12. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-ல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை இழுத்தது. இந்த வருடம் எப்படியோ, நாற்பது சொச்சம் நாட்களுக்குள் வேலை முடிய வேண்டும். அமைச்சர் எழுதிய குறிப்பு கீழே இறங்கி வர அது போதாது என்று பொறியாளரே சொல்கிறார்.

அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி. சத்துணவுக் கூடம், ரேஷன் கடை, குடிநீர்த் தொட்டி என்று எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது கடைத்தெரு நிழற்குடை. நீர்வளத் துறை தடையின்மைச் சான்று கொடுத்தால் அந்தப் பணத்தில் ஷட்டரை மாற்றலாமா என்று மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைத் திட்ட இயக்குநரிடம் போனில் கேட்டேன். கருத்துரு அனுப்புங்கள், ஆட்சியர் ஒப்புதல் தந்தால் செய்யலாம் என்றார். அனுப்பச் சொல்லிவிட்டேன்.

நிழற்குடையைக் கேட்டது எங்கள் ஒன்றியச் செயலாளர். நெற்றியில் என் பெயரும் தூணில் அவர் பெயரும் வருவதாக ஏற்பாடு, பெயின்டரிடம் முன்பணம்கூடக் கொடுத்துவிட்டாராம். விஷயத்தைச் சொன்னதும் "சரிங்கண்ணே" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. எடுப்பார். அடுத்த மாதம் அவர் பேத்திக்குக் காதுகுத்து, பத்திரிகையில் என் பெயரைப் போட்டு அடித்தாகிவிட்டது.